படம் பிடித்தது போதும், எழுத்தைப் படியுங்கள்!

சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்காக நாடெங்குமிருந்து திருநங்கையர் விழுப்புரத்தில் வந்து இறங்குகிறார்கள். கூடவே காமிராக்காரர்களும் வருகிறார்கள். தாலி கட்டுவதையும் அறுப்பதையும் படம் பிடித்து வண்ணத்தில் போடுகின்றன பெரிய பத்திரிகைகள். அந்தச் சகோதரிகளில் ஒருவர் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போட அங்கே இடம் உண்டா?

இடத்துக்காகக் காத்திராமல் தாங்களே கிளம்பியவர்கள் உண்டு. பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்ரமணியம், மாணவியாக இருந்தபோதே திருநங்கையருக்காக 'சகோதரி' என்ற தமிழ் மாத இதழை நடத்தினார். ரேவதி திரட்டிய வாழ்க்கைக் கதைகள் 'உணர்வும் உருவமும்' என்று நூலாயின.

முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குள்ளேயே போராட வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-லேயே 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார். எத்தனையோ காலம் சென்ற பின்னும் துவரங்குறிச்சியில் ஒரு சிறுமியைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மணமான பின் அவர் கழிவறையில் ஒளிந்து எழுதினார். தாயார் வழியாகக் கவிதைகள் வெளியே போயின. புனைபெயர் சல்மா. 2000-ல் முதல் தொகுதி வந்தது. 2025-ல் அவர் மாநிலங்களவைக்குப் போனார். இதை ஒரு மதத்தின் குற்றமாக்க வகுப்புவாதிகள் ஓடி வருவார்கள். பெண்ணை அடுப்படியில் பூட்டாத சாதி எது, அவர்கள் சொல்லட்டும்!

இன்று ஒரு வெள்ளைத் தாளை எட்டாக மடித்து, நடுவே கீறினால் எட்டுப் பக்கப் புத்தகம். கதையும் படமும் அதில் அடங்கும். பதிப்பாளர் தயவு வேண்டியதில்லை. ஆனால் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி அதை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் தகப்பனாருக்குத் தெரிந்தவராக இருப்பார். மாலைக்குள் செய்தி வீடு போய்ச் சேரும். கூலி உயர்வு கேட்டு நோட்டீஸ் அடிக்கப் போன தோழர்களுக்குத் தெரியும், முதலாளிக்குப் பயந்த அச்சகம் என்னென்ன சாக்குச் சொல்லும் என்று.

ஆகவே சங்க அலுவலகங்களில் நகல் எடுக்கும் இயந்திரம் இருந்தால், வாரத்தில் ஒரு மாலை இவர்களுக்கு விடுங்கள். ஒரு மேஜை, தாள்கட்டு, கத்தரிக்கோல் போதும். நூலக வரி நாமும் கட்டுகிறோம். விழுப்புரம், திண்டிவனம் நூலகங்களில் இந்தச் சிறு புத்தகங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கும்படி கேட்போம். எழுதியவர் புனைபெயர் போட்டிருந்தால், அது யார் என்று நம்மில் ஒருவரும் விசாரிக்க வேண்டாம்.