மேலூர் வெயிலில் ஒரு புது ஐபோன்



தீபாவளி நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்களில் பலகாரமும் துணிமணியும்தான் பேச்சாக இருக்கும். 2025-இல் அந்த இடத்தை ஒரு போன் பிடித்துக்கொண்டது. செப்டம்பர் 9-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்தி, 19-ஆம் தேதி கடைகளுக்கு வந்த ஐபோன் 17தான் அது. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகன் இதைத்தான் கேட்டு ஒற்றைக்காலில் நிற்கிறான், வாங்கித் தரலாமா என்று கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் ஒரு தம்பிக்கு, கேமராவை விற்றுவிட்டு இதை வாங்கலாமா என்று யோசனை. சவூதியில் வேலை பார்க்கும் மச்சான் அங்கேயே வாங்கி வருவதாகச் சொல்கிறாரே, சரிப்படுமா என்பது இன்னொருவரின் கேள்வி.

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்திலேயே பேசிவிடலாம். இந்தப் போனைப் பற்றி யூடியூபில் பேசாத ஆளில்லை. ஆனால் பேசுகிறவர்களில் பலர் ஏ.சி. அறையில், சர்வீஸ் சென்டர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் பெருநகரத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதே போனை மேலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து நிறுத்துப் பார்த்தால் சில நிறைகளுக்கு எடை கூடுகிறது, சில குறைகளுக்கும்தான்.

முதலில் நிறைகள். 2024-இல் ஐபோன் 16 வந்தபோது 128 ஜி.பி. கொள்ளளவுள்ள போனின் விலை 79,900 ரூபாய், 256 ஜி.பி. வேண்டுமென்றால் 89,900. ஐபோன் 17-க்குத் தொடக்கமே 256 ஜி.பி.தான், வந்தபோது விலை 82,900. ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒப்பிட்டால் 7,000 ரூபாய் குறைந்திருக்கிறது. அடுத்தது திரை. விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு ஓடும் 120 ஹெர்ட்ஸ் திரையை இதற்கு முன் விலை கூடிய ‘ப்ரோ’ போன்களுக்கு மட்டும்தான் ஆப்பிள் கொடுத்துவந்தது. பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனிலேயே இருந்த வசதி, எண்பதாயிரம் ரூபாய் ஐபோனுக்கு இதில்தான் வந்திருக்கிறது. வெட்டவெளியில் திரையின் ஒளி 3,000 நிட்ஸ் வரை ஏறும். உச்சிவெயிலில் வரப்பில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் வந்த கொள்முதல் ரசீதைப் படிக்க வேண்டியவருக்கு இது வெறும் விளம்பர எண் அல்ல.

முன்பக்கக் கேமராவில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சென்சார் சதுரமானது. அதனால் போனை நிமிர்த்திப் பிடித்தபடியே அகலவாக்கில் செல்ஃபி எடுக்கலாம். குடும்பம் மொத்தமும் படத்துக்குள் வரும். பின்பக்கம் இரண்டு கேமராக்களும் 48 மெகாபிக்சல். சார்ஜ் போடும் துளை வழக்கமான யு.எஸ்.பி.-சி என்பதால் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு ஆண்ட்ராய்டு சார்ஜரே போதும். 40 வாட் சார்ஜர் இருந்தால் 20 நிமிடத்தில் பாதி ஏறிவிடும் என்கிறது நிறுவனம். ஆனால் அந்தச் சார்ஜர் டப்பாவுக்குள் இருக்காது; கேபிள் மட்டும்தான். அதற்கும் தனியாகக் காசு எடுத்து வையுங்கள்.

இனி நம் ஊர்க் கணக்கு. ஐபோனைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. நமக்குப் பங்குனி பிறந்தாலே 35 தாண்டிவிடும். சித்திரையில் 40-ஐத் தொட்டுவிட்டு வரும். சூடு மிஞ்சினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒளியைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், இன்னும் மிஞ்சினால் எச்சரிக்கைப் பலகையைக் காட்டிவிட்டு ஓய்வெடுக்கும். ஆக, 3,000 நிட்ஸ் திரை நமக்கு மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் அது மங்கிப்போகும் வாய்ப்பும் அதிகம். ப்ரோ மாடல்களில் சூட்டைப் பரப்பி ஆற்றும் ‘வேப்பர் சேம்பர்’ அமைப்பை வைத்திருக்கிறார்கள். இதில் அது இல்லை. எல்லாப் போனுக்கும் வெயில் எதிரிதான் என்றாலும், பைக்கின் முன்னால் மாட்டி மேப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க ஓடுகிற டெலிவரித் தம்பிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

தூரத்தை இழுத்துக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் இதில் கிடையாது. இரண்டு மடங்கு வரை படம் சுத்தமாக வரும். அதற்குமேல் இழுத்தால் புள்ளி புள்ளியாகும். அழகர் ஆற்றில் இறங்குவதைக் கரையிலிருந்து எடுக்கவோ, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் கேலரி மேல் தட்டிலிருந்து வாடிவாசலைப் பிடிக்கவோ இதை நம்பிப் போகாதீர்கள். அதே நேரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நம் மக்கள் பேரணியாகப் போனார்களே, அந்தப் படங்களை ஊரெல்லாம் கொண்டுபோன கைகளில் பெரும்பாலும் சாதாரணப் போன்கள்தான் இருந்தன. அதே மாதம் 23-ஆம் தேதி சுரங்க ஏலம் ரத்தானது. எடுக்க வேண்டிய விஷயம் இருந்தால் எந்தக் கேமராவும் போதும்.

தமிழுக்கு வருவோம். ஐபோனில் தமிழில் தட்டச்சு செய்யலாம், படிக்கலாம். ஆனால் ‘ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்’ என்று பெரிதாக விளம்பரம் செய்யும் செயற்கை நுண்ணறிவு வசதிகளின் மொழிப் பட்டியலில் 2025 வரை தமிழ் சேரவில்லை. கூகுளின் ஜெமினி செயலி 2024-லேயே தமிழுக்கு வந்துவிட்டது; அதை ஐபோனிலும் இறக்கிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். நிலம், மாடு, நெல் என்று வியாபாரப் பேச்சைப் பதிவுசெய்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: ஐபோனில் அழைப்பைப் பதிவுசெய்ய முடியும், ஆனால் பதிவாகிறது என்று எதிர்முனைக்கும் கேட்கும்படி போனே அறிவித்துவிடும். இது குறையா, நாணயமா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

சவூதி மச்சான் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் கைக்காசு போகும் ஆபத்து உண்டு. சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17-இல் சிம் கார்டு போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். இந்தியாவில் விற்கும் போனில் சிம் கார்டும் போடலாம், இ-சிம்மும் வைத்துக்கொள்ளலாம். இ-சிம் நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் நம் ஊரில் போன் கீழே விழுந்து ரிப்பேருக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டு அன்றைய பாட்டைப் பார்ப்போம். இ-சிம்மில் அந்த வழி அடைபடும், வங்கி ஓ.டி.பி.கூட வராது. ஆகவே மச்சானிடம் பேரீச்சம்பழம் மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் மலிவு என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். வெளிவந்தபோது அமெரிக்காவில் இதன் விலை 799 டாலர். அங்கே மாநில வரியைச் சேர்க்காமல்தான் விலை சொல்வார்கள். அப்போதைய மதிப்பில் டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 70,300 ரூபாய் சொச்சம். இங்கே 82,900-க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் போனின் விலை 70,254, வரி 12,646. அதாவது இரண்டு நாட்டிலும் போனுக்கு விலை ஏறத்தாழ ஒன்றுதான், வித்தியாசம் வரியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாற்றத்தில் ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் வரி குறைந்தது. போனுக்கு அதே 18 தொடர்ந்தது. காத்திருந்தால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தப் போனுக்கு நம் மாநிலத்தோடு இன்னொரு உறவும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் ஓசூரின் டாடா ஆலையும் ஐபோன் செய்கின்றன. நம் தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர, ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பிறகு வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு விடுதி கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது எத்தனை வீடுகளில் அடுப்பு தடுமாறியது என்பதும் நினைவிருக்கிறது. போனை நிறுக்கும்போது செய்த கைகளின் பங்கையும் தட்டில் வைக்க வேண்டும். ஒரு வேடிக்கையும் உண்டு: தமிழ்நாட்டில் செய்கிறார்கள், ஆனால் 2025 அக்டோபர் வரை ஆப்பிள் இந்தியாவில் திறந்த சொந்தக் கடைகள் மும்பை, டெல்லி, பெங்களூரு, புனே நகரங்களில்தான் இருந்தன. திரை உடைந்தால் நமக்கு மதுரை சர்வீஸ் சென்டர்தான் கதி: போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர், ஒரு நாள் வேலைக் கெடுதல்.

இனி விலையை நம் கைக்கணக்கில் போடுவோம். சாதாரண ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் 2025 செப்டம்பர் நிலவரப்படி குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 82,900 ரூபாய் என்றால் 33 குவிண்டால் நெல். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் ஒருபோகம் விளைகிற நம் பக்கத்தில், நல்ல மகசூல் கண்டாலும் ஓர் ஏக்கர் அவ்வளவு தராது. செலவு போக மிஞ்சுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நூறு நாள் வேலையில் 2025-இல் நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் 247 நாள் கூலி. நூறு நாளும் முழுசாகக் கிடைத்தால்கூட இரண்டரை ஆண்டு உழைப்பு.

‘ஐபோன் ரொம்ப நாள் உழைக்கும்’ என்று மகன் வாதாடுவான். அதில் உண்மை இருக்கிறது. 2019-இல் வந்த ஐபோன் 11-க்கு 2025-இன் புதிய மென்பொருளும் கிடைத்தது. 2018-இன் ஐபோன் எக்ஸ்ஆர் அந்த ஆண்டுதான் பட்டியலிலிருந்து விழுந்தது. பேட்டரியும் ஆயிரம் முறை முழுசாக ஏறி இறங்கிய பிறகு 80 சதவீதம் தாங்கும் வகையில் செய்யப்பட்டது என்கிறார்கள். ஆறு ஆண்டு வைத்திருந்தால் மாதம் 1,151 ரூபாய். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ17 5ஜி போனின் விலை அப்போது 18,999 ரூபாயில் தொடங்கியது. அதற்கும் ஆறு ஆண்டு மென்பொருள் தருவதாக நிறுவனம் சொல்கிறது. கணக்குப் போட்டால் மாதம் 264 ரூபாய். வேகத்திலும் கேமராவிலும் அது ஐபோனுக்கு ஈடாகாது. பாடக்குறிப்பு, ஆன்லைன் வகுப்பு, ஜிபே, பஸ் டிக்கெட் என்று ஒரு மாணவனுக்கு வேண்டியதைச் செய்ய அந்த ஈடு தேவையும் இல்லை. நீண்ட நாள் உழைக்கும் என்பது ஒரு காலத்தில் ஐபோனுக்கு மட்டுமே இருந்த பெருமை. இன்று அதற்கு எண்பதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

தவணையில் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற அட்டைக்குக் கீழே பிராசஸிங் கட்டணமும், வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவணை தவறினால் போனைத் தொலைவிலிருந்தே பூட்டக் கடன் கொடுத்தவர்களை அனுமதிக்கலாமா என்று 2025-இல் ரிசர்வ் வங்கி ஆராய்ந்தது. போனிலேயே பாடமும் பிழைப்பும் ஓடும் காலத்தில் பூட்டு விழுந்தால் இரண்டும் நிற்கும்.

ஆக, கடிதம் எழுதிய மூவருக்கும் என் பதில் இது. சவூதி மச்சானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படம் பிடிக்கும் தம்பி, கேமராவை விற்காதீர்கள். லென்ஸ் மாற்றும் வசதியை எந்தப் போனும் தராது. ரீல்ஸுக்கும் உடனடி வீடியோவுக்கும் தனியாகக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கியிருந்தால் இந்தப் போனைத் துணிந்து வாங்கலாம். ப்ரோவுக்கு 1,34,900 கொடுப்பதைவிட இது புத்திசாலித்தனம். தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணிலேயே பில் போட்டு, வரியை வரவு வைக்க முடியுமா என்று கணக்கரிடம் கேளுங்கள்.

கொட்டாம்பட்டி அம்மாவுக்கு: மகன் மேல் கோபப்படாதீர்கள். புதுக் கல்லூரியில் கூடப் படிக்கிறவன் கையைப் பார்க்கிற வயசு அது. நாமும் கைக்கடிகாரத்துக்கு அழுத தலைமுறைதான். இப்போது இருபதாயிரத்துக்குள் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுங்கள். மிச்சம் அறுபதாயிரத்துச் சொச்சத்தை அவன் பெயரிலேயே அஞ்சலகத்தில் போட்டு, பாஸ் புத்தகத்தை அவன் கையிலேயே கொடுங்கள். படிப்பு முடிந்து முதல் சம்பளம் வாங்கும்போதும் ஐபோன்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கட்டும். அன்றைக்கு வேறு எண்ணில் வேறு ஐபோன் வந்திருக்கும். அவனுக்கும் வேறு கணக்குப் பிடிபட்டிருக்கும்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஒரே போனை நான்கு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் நமக்கு எழுதுங்கள். என்ன போன், எத்தனை ரூபாய்க்கு வாங்கினீர்கள், எத்தனை முறை ரிப்பேர், வெயிலில் எப்படி இருக்கிறது என்று நாலு வரி போதும். அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம். போன் வாங்கப் போகும் மேலூர்க்காரருக்கு அதைவிடப் பயனுள்ள மதிப்பீடு வேறு கிடைக்காது.



அன்புடன்,
ஆசிரியர்