காசியில் ஜாகை எங்கே?

மும்பையில் உத்தியோகம் பார்க்கும் தமிழர் ஒருவர் ஊரிலிருந்து தாயாரை வரவழைத்துக் காசிக்கு அழைத்துப் போவது என்று தீர்மானித்துவிட்டால், முதலில் மகாநகரி எக்ஸ்பிரசில் இடத்துக்கு அலைகிறார். பிறகு லீவுக்கு அலைகிறார். போனஸில் எவ்வளவு ஒதுக்கலாம் என்று இரவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். எங்கே தங்குவது என்பதை மட்டும் கடைசிவரை யோசிப்பதில்லை. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டால் வண்டி எங்கே போய் நிற்கும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் ஸ்டேஷனை ஒட்டிய லாட்ஜ். கொஞ்சம் வசதியுள்ளவர் என்று தெரிந்தால் கண்டோன்மென்ட் பக்கம். ஆங்கிலேயர் காலத்தில் பட்டாளம் இருந்த பகுதி அது. அகலமான சாலை, மரங்கள், லிப்ட் வைத்த ஓட்டல்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, கங்கை அங்கே இல்லை என்பதைத் தவிர.

நாலைந்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். டோம்பிவிலியிலிருந்து தினமும் கோட்டைக்கு வந்து போகிறவருக்கு அது ஒரு தூரமா? ஆனால் காசியின் நாலைந்து கிலோமீட்டர் வேறு. கோதோலியா நாற்சந்தியை நெருங்க நெருங்க ஆட்டோ, சைக்கிள் ரிக்‌ஷா, மோட்டார் சைக்கிள், எருது எல்லாம் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். கூட்ட நாட்களில் போலீசார் வண்டிகளை முன்பே நிறுத்திவிடுவார்கள், மீதி நடைதான். முதல் நாள் விடியற்காலையில் உற்சாகமாகக் கிளம்பும் தாயார், ஸ்நானமும் தரிசனமும் முடிந்து அறைக்குத் திரும்பும்போது ஓய்ந்து போகிறார். "நீங்கள் போய் வாருங்கள், நான் படுத்திருக்கிறேன்" என்கிறார். இரண்டாம் நாளும் அதுவே. நாலு நாள் காசி அவருக்கு ஒரு காலை நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அறுபது வருஷம் ஆசைப்பட்டதை ஓட்டல் ஜன்னல் வழியாகவா பார்ப்பது? மாட்டுங்காவில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, வந்த உறவினரைக் கல்யாணில் தங்கவைத்த கதைதான்.

அறையைத் தேடுவதற்கு முன்பு பேட்டையை முடிவு செய்ய வேண்டும் என்பது இதற்காகத்தான். அசி காட்டிலிருந்து ராஜ் காட் வரை ஆற்றோரம் சுமார் 84 படித்துறைகள். ஊர் முழுவதும் மேற்குக் கரையில். எதிர்க்கரை வெறும் மணல். கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுவதால், படியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே சூரியன் உதிக்கிறது. இதைப் பார்க்க டூரிஸ்ட் வண்டியில் ஏற வேண்டியதில்லை. படித்துறைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தால் போதும்.

தசாசுவமேத காட், கோதோலியா பகுதி எல்லாவற்றுக்கும் நடுவே இருக்கிறது. விசுவநாதர் கோயில் நடை தூரம். ஆனால் 2021 டிசம்பரில் கோயிலைச் சுற்றிய பழைய வீடுகளை எடுத்துவிட்டுப் பெரிய வளாகம் திறந்த பின், அங்கே வந்து குவியும் ஜனங்களுக்குக் கணக்கே இல்லை. இரவு பதினொரு மணிக்கும் ஒலிபெருக்கி ஓயாது. தென்கோடியில் இருக்கும் அசி காட் வாலிபர்களுக்கு ஏற்ற இடம். பல்கலைக்கழகம் பக்கம், டீக்கடை அரட்டைக்குப் பஞ்சமில்லை.

தாயாரோடு போகிறவருக்கு இரண்டுக்கும் இடையே அனுமான் காட்டிலிருந்து கேதார் காட் வரையுள்ள துண்டுதான் தகும். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் வந்து மடம் கண்டது கேதார காட்டத்தில்தான். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அந்தப் படிகளில் ஏறினால் கேதாரேசுவரர் கோயில். அனுமான் காட்டில் நம் ஊர்ச் சாயலில் ஒரு கோபுரம் எழுந்து நிற்கிறது. 1898-இல் தகப்பனாரை இழந்த சுப்பிரமணிய பாரதி, பதினாறு வயதுகூட நிரம்பாத பிள்ளையாக அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் இந்தச் சந்துக்குத்தான். அந்த வீட்டின் ஒரு பகுதியில் 2022-இல் தமிழக அரசு நினைவிடம் அமைத்தது. தமிழ் பேசும் புரோகிதர், ரசம் சாதம் கிடைக்கும் மெஸ், வழி கேட்டால் புரியும்படி பதில் சொல்ல ஒரு கடைக்காரர், எல்லாம் இங்கே உண்டு.

"காசிக்குப் போயும் தமிழனிடமே இட்லி தின்ன வேண்டுமா?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மும்பையில் இருபது வருஷம் இருந்து இந்தியும் மராத்தியும் பேசக் கற்ற மகனுக்குக் காசியில் எங்கே தங்கினாலும் ஒன்றுதான். ஊரிலிருந்து வந்த தாயாருக்கு அப்படியல்ல. மகன் துணையில்லாமல் தானே சந்தில் இறங்கி, தானே பூ வாங்கி, தானே படியில் போய் உட்கார முடிவது அவருக்குக் கிடைக்கும் பெரிய சுதந்திரம். அந்தச் சுதந்திரம் இந்த இரண்டு மூன்று தெருக்களில்தான் கிடைக்கிறது.

சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காசியில் தமிழர் கட்டிய சத்திரங்களும் மடங்களும் பெரிய கொடைதான், சந்தேகமில்லை. ஆனால் சமூகத்தார் நடத்தும் இடங்களில் தம்மவர்க்கு முன்னுரிமை என்ற வழக்கம் உண்டு. தாராவியிலிருந்து போகும் ஒரு தொழிலாளி, வாசலில் "நீங்கள் எந்த ஊர், யார் வீடு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூசித்தான் பலமுறை ஸ்டேஷன் பக்கமே தங்கிவிடுகிறார். கூச வேண்டியவர் அவரல்ல. இந்தப் பகுதியிலேயே யாரையும் எதுவும் கேட்காத விடுதிகளும் வாடகை அறைகளும் ஏராளம். சத்திரத்தில் இடம் இல்லை என்பதற்காகப் பேட்டையையே விட்டுப் போக வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. சந்துக்குள் ஆட்டோ வராது. சோனார்பூரா சாலையிலோ சிவாலா சாலையிலோ இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சாணம், குரங்கு, இருட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நடை. இரண்டு காட்டங்களுக்கும் நடுவே ஹரிச்சந்திர காட்; சிதை எரியும் புகை காற்று திரும்பினால் வாசல்வரை வரும். தாயாருக்கு இது சங்கடமாக இருக்குமோ என்று மகன்தான் பயப்படுகிறார். தாயார் பயப்படுவதில்லை.

உண்மையான தொல்லை முழங்கால்தான். பழைய வீடுகளின் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. ஆற்றைப் பார்த்த அறை என்று மூன்றாம் மாடியைக் கொடுத்துவிட்டால், கண்டோன்மென்டில் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. எனவே போனில் கேட்கும்போது அறைக்கு ஏ.சி. உண்டா என்று கேட்பதைவிட, கீழ்த்தளமா, ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிஷ நடை, வாசலிலிருந்து தண்ணீருக்கு எத்தனை படி என்ற மூன்றையும் கேட்பது உபயோகம். ஏஜெண்டு எடுத்துக் கொடுக்கும் டிக்கெட் எந்த ஸ்டேஷனுக்கு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன் என்று போட்டிருந்தால் அது பழைய முகல்சராய்தான். 2018-இல் பெயர் மாறியது. அங்கிருந்து ஊருக்குள் வர இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

ஐப்பசி முதல் மாசி வரை போகலாம். மார்கழி, தை மாதங்களில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். கார்த்திகைப் பௌர்ணமியன்று படித்துறை முழுதும் விளக்கேற்றும் விழா. அந்த வாரம் அறை வாடகையைக் கேட்டால் மயக்கமே வரும். ஆடி, ஆவணியில் கங்கை பெருகிவிட்டால் படிகளெல்லாம் முழுகிப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். கரையோரச் சந்துகளுக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிடும். வேறு லீவு கிடைக்காமல் அந்த மாதத்தில்தான் போயாக வேண்டும் என்கிறவர், ஆட்டோக்காரர் காட்டும் கண்டோன்மென்ட் ஓட்டலிலேயே தங்கலாம்.