ஐந்து நட்சத்திரமும் ஒரு வாளித் தண்ணீரும்

"கீசர்னா ஃபைவ் ஸ்டார், இருபத்தஞ்சு லிட்டர். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க சார், கரண்ட் பில் பாதியாயிடும்."

சென்னையில் புது ஃபிளாட்டுக்குச் சாவி வாங்கிய எவரும் இந்த வாசகத்திலிருந்து தப்பியதில்லை. உஸ்மான் சாலைக் கடையில் டை கட்டிய இளைஞர் சொல்வார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெரியப்பா பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொல்வார். குடியிருப்போர் சங்க வாட்ஸ்ஆப் குழுவில், குப்பை வண்டி வரவில்லை என்ற புகாருக்கும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூவுக்கும் நடுவே யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். பல வருடங்களாக ஓடும் பாட்டு இது. இதில் உருப்படியான யோசனை கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது ஒன்றுதான். திறந்து வைத்திருந்தால், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

படித்துத்தான் பார்ப்போமே.

பி.இ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசு அமைப்பு 2006இல் இந்த நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. ஏ.சி.யிலும் ஃப்ரிட்ஜிலும் நட்சத்திரம் எண்ணிப் பழகிய கண், கீசரில் அதைப் பார்த்ததும் அங்கும் அதே அர்த்தம்தான் என்று எடுத்துக்கொள்கிறது. ஏ.சி.யின் நட்சத்திரம், செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும் என்று சொல்கிறது. கீசரின் நட்சத்திரம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. லேபிளில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 24 மணி நேரத்தில், 45 டிகிரி வித்தியாசத்தில், இத்தனை யூனிட் இழப்பு. டேங்க் நிறைய வெந்நீர் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கூட எடுக்காமல், ஒரு பகல் ஒரு இரவு முழுக்க ஸ்விட்சை அணைக்காமல் விட்டால், கசிந்துபோகும் சூட்டை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்கு அது. 'ஸ்டாண்டிங் லாஸ்' என்று பெயர். சும்மா நிற்பதால் ஆகும் நட்டம்.

45 டிகிரி வித்தியாசம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெளியே 30 என்றால் உள்ளே 75. அந்தத் தண்ணீரில் கோழி முக்கி இறகு பிடுங்கலாம். யாரும் குளிக்க முடியாது.

சரி, எந்தத் தமிழ் வீட்டில் கீசர் 24 மணி நேரம் எரிகிறது? பாத்ரூம் கதவு திறந்த அரை நிமிடத்துக்குள் ஹாலிலிருந்து, "கீசர ஆஃப் பண்ணியா?" என்று குரல் வராத வீடு எது? லிஃப்டில் இறங்கி, பார்க்கிங் வரை போய், சந்தேகம் வந்து, மறுபடி மேலே ஏறி அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு வரும் அம்மாக்களின் ஊர் இது. அந்த அம்மாவிடம், அணைக்காமல் விட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்று அளந்த நட்சத்திரத்தைக் காட்டிக் கூடுதல் பணம் வாங்குகிறார்கள்.

இனி, பாதியாகப்போகும் அந்த பில். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 1.16 வாட்-மணி மின்சாரம் வேண்டும். இது இயற்பியல், கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. மார்கழிக் காலையில் சென்னையின் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் சூடாகக் குளிக்க 42 போதும். வாளி 15 லிட்டர். பதினைந்து லிட்டரைப் பதினைந்து டிகிரி ஏற்ற, கால் யூனிட்டுக்குச் சற்று மேல், 0.26 யூனிட் ஆகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம், தினம் ஆளுக்கு ஒரு வாளி, மின்வாரியம் ரீடிங் எடுக்கும் இரண்டு மாதம் முழுக்கக் குளித்தால் ஏறத்தாழ 63 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைக்கூட வெந்நீர் தனியாக எட்டவில்லை. இந்த 63 யூனிட்டும் தண்ணீருக்குள் போய், தண்ணீரோடு உடம்பில் ஊற்றப்பட்டு, சாக்கடைக்குப் போகிறது. ஒரு நட்சத்திரக் கீசரிலும் இதே 63, ஐந்து நட்சத்திரக் கீசரிலும் இதே 63. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் எலிமென்ட், வாங்கிய மின்சாரத்தை அப்படியே சூடாகக் கொடுத்துவிடும். அதில் திறமைசாலி, மக்கு என்ற பேதம் கிடையாது. நட்சத்திரம் கைவைக்கக்கூடியது, இதற்கு மேல் வீணாகும் கசிவில் மட்டும். காலையில் மீந்த வெந்நீரைச் சாயங்காலம் வரை கதகதப்பாக வைத்திருக்கும் கனமான உறைக்கு ஒரு மரியாதை உண்டுதான், மறுக்க வேண்டாம். ஆனால் கசிவில் கொஞ்சம் குறைவதை 'பில் பாதி' என்று விற்கிற துணிச்சல் இருக்கிறதே!

இதைவிட வேடிக்கை ஒன்று. மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்டாரே இல்லையே" என்று திரும்ப வைத்துவிட்டுப் போகிறவர்களை எந்தக் கடையிலும் பார்க்கலாம். விற்பனையாளரும், "அதான் சார், அது கரண்ட் குடிக்கும்" என்று தலையாட்டுவார். நட்சத்திரத் திட்டம் 6 லிட்டரிலிருந்து 200 லிட்டர் வரை வெந்நீரைச் சேமித்து வைக்கும் கீசர்களுக்கானது. சேமிக்கவே சேமிக்காத கருவிக்குச் சேமிப்பு இழப்பை எப்படி அளப்பது? பரீட்சையே எழுதத் தேவையில்லாத பிள்ளையை ஃபெயில் என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

கீசர் என்ற பெயரின் கதை தெரிந்தால் இன்னும் சிரிப்பு வரும். 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி ஒன்றைச் செய்தார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைத்து அதற்கு 'கீசர்' என்று பெயர் வைத்தார். தண்ணீர் ஓட ஓடச் சூடேறும்; தேக்கி வைக்க டேங்க் எதுவும் இல்லை. ஆக, கீசர் என்ற பெயரில் முதலில் வந்ததே இன்ஸ்டன்ட் வகைதான். புகை வெளியேற வழியில்லாத அந்தக் கருவி ஆபத்தானதும்கூட. இன்றும் காற்றோட்டமில்லாத அடுக்கக பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு வாதாடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இருபத்தஞ்சு லிட்டருக்கு வருவோம். "நாளைக்கு ஊர்லேர்ந்து ஆளுங்க வந்தா?" என்பதுதான் இதற்குச் சொல்லும் ஒரே காரணம். 25 லிட்டரையும் 27லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, 2 கிலோவாட் எலிமென்ட் அரை மணி நேரம் எரிந்து ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். ஒருவர் தன் வாளியில் அந்த வெந்நீரில் ஏழு லிட்டர் பிடித்து, மீதிக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளியல் முடிந்தது. மிச்சம் பதினெட்டு லிட்டரின் சூடு, மேலே பரணில், யாருக்காகவோ காத்திருக்கிறது. நான்கு பேரும் வரிசையாகக் குளிக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். வேலைக்குப் போகும் தம்பதி மட்டும் இருக்கும் வீட்டிலும், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டிலும் அதே இருபத்தஞ்சுதான் தொங்குகிறது. ஊரிலிருந்து ஆட்கள் வருவது தீபாவளிக்கு ஒரு நாள். எண்ணெய்க் குளியலுக்கு வரிசை கட்டி நிற்கும் அந்த ஒரு விடியற்காலைக்காக வருடம் முழுக்கப் பரணில் அண்டா ஏற்றி வைப்பதை நம் பாட்டிகள்கூடச் செய்ததில்லை. வெந்நீர்த் தவலையைக் கொல்லைப்புற அடுப்பில் ஏற்றுவதற்கு முன், அன்றைக்கு எத்தனை தலை என்று எண்ணினார்கள்.

"ஆன்லயே விட்டுடுங்க, ஆட்டோ கட் இருக்கு, அதுதான் சிக்கனம்" என்பது அடுத்த உபதேசம். அணைந்து அணைந்து எரிவதற்கும் மீட்டர் ஓடும்.

மாடிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. "எத்தனாவது மாடி சார்? பதினாலா? அப்போ எட்டு பார் பிரஷர் தாங்குற மாடல்தான் எடுக்கணும்." கேட்க அறிவியல் மாதிரியே இருக்கும். தண்ணீரின் அழுத்தம் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார். மொட்டைமாடித் தொட்டி பதினாலாம் மாடிக்காரரின் தலைக்கு மேல் ஐந்து மீட்டரில் இருக்கிறது. அவருக்குக் கிடைப்பது அரை பார். அவர் ஷவர் ஒழுகுகிற மாதிரி வருவதும் அதனால்தான். அழுத்தம் முழுக்க இறங்குவது தரைத்தளத்துக்காரர் தலையில். அவரிடம் கடையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிரஷர் பம்ப் போட்ட கட்டடம் என்றால் கதை வேறு. ஆனால் கடையில் கேட்ட கேள்வி மாடியைப் பற்றியது, பம்பைப் பற்றியது அல்ல.

கேட்க வேண்டியிருந்தது தண்ணீரைப் பற்றி. மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்ககத்தில், போரும் டேங்கர் லாரியும் மாறி மாறி நிரப்பும் தொட்டி. அங்கே வாங்கி நான்கு வருடம் ஆன ஐந்து நட்சத்திரக் கீசர் ஒன்று தண்ணீரைச் சூடாக்க மறுத்தது. பிளம்பர் பரணிலிருந்து இறக்கி, அடித்தட்டின் போல்ட்களைக் கழற்றி எலிமென்ட்டை உருவினார். சுருள் தெரியவில்லை. பவளப்பாறை மாதிரி வெள்ளையாக ஒரு உருண்டை வந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டினால் சுண்ணாம்புச் சில்லுகளாக உதிர்ந்தது. பக்கத்தில், டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றும் மெக்னீசியம் கம்பி, ஆனோட் ராட், கட்டைவிரல் பருமனில் இருந்தது ஊதுவத்திக் குச்சியாக இளைத்திருந்தது. "இத ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பாத்திருக்கணும் சார்" என்றார் பிளம்பர். கடையில் அந்தக் கம்பியின் பெயரையே யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நட்சத்திரங்களும் டேங்கின் நெற்றியில் அப்படியே மின்னிக்கொண்டிருந்தன. உப்புத்தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாகச் சுண்ணாம்பு படியும். தெர்மோஸ்டாட்டை 75இல் வைத்தால் இன்னும் சீக்கிரம் படியும்.

இன்ஸ்டன்ட் கீசர் பொம்மை என்ற ஏளனமும் உண்டு. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், சென்னைத் தண்ணீரைப் பதினைந்து டிகிரி ஏற்றி 15 லிட்டர் வாளியை ஐந்து நிமிடம் சொச்சத்தில் நிரப்பும். ஊட்டியில் அதே வாளிக்குப் பத்து நிமிடம் ஆகும். ஊட்டிக்காரர்கள் டேங்க் வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? மழைபோல் கொட்டும் பெரிய ஷவர் வேண்டுமென்றாலும் இது சரிப்படாது. 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும், தனி லைனும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். இரண்டு பாத்ரூமிலும் ஒரே நேரத்தில் போட்டு, சமையலறையில் இண்டக்‌ஷனும் ஓடினால் எம்.சி.பி. விழலாம். விழுந்தால் ஒருவர் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டியதுதான்.

கடைக்குக் கிளம்பும் முன் பாத்ரூமுக்குள் போய் வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் எத்தனை லிட்டர் என்று பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை வீட்டிலுள்ள தலைகளால் பெருக்கி ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "ஃபைவ் ஸ்டார் சார்" என்று ஆரம்பிக்கும்போது அதை அவரிடம் கொடுங்கள்.