பத்துப் பவுனுக்கு ஒரு வீடு!

பால் புளித்துப் போனால் கொட்டித்தானே விடுகிறீர்கள்? இங்கிலாந்தில், ஸஸெக்ஸைச் சேர்ந்த ஆல்ப்ரிஸ்டன் கிராமத்துப் பழைய பாதிரியார் வீட்டில் அதைத் தரைக்கு ஊற்றியிருக்கிறார்கள்! சீமைச் சுண்ணாம்பை நொறுக்கிப் பரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, புளித்த பாலால் மெழுகிய தரை அது.

வீடு 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஓக் மரச் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி மண் அப்பிய சுவர், வேய்ந்த கூரை. கூடத்துக்கு மச்சு கிடையாது. அந்த நாளில் நடுத்தரையில்தான் விறகு எரியும். புகை, கூரை வழியே தானாக வெளியேற வேண்டியதுதான். அடுப்பைக் கவனித்தவர்களின் கண்கள் என்ன பாடுபட்டனவோ!

19-ஆம் நூற்றாண்டில் வீடு பாழடைந்து, இடித்துத் தள்ளுவதென்றே முடிவாகிவிட்டது. உள்ளூர்ப் பாதிரியாருக்கு மனம் கேட்கவில்லை, உதவி தேடினார். 1895-ல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் முன்வந்தது. 1896-ல் வீட்டை வாங்கியது. விலை? பத்தே பவுன்! பழுது பார்க்கத்தான் அதைப்போல் பல மடங்கு தேவைப்பட்டது. டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆக்டேவியா ஹில் அம்மையார் கூச்சப்படாமல் நன்கொடை கேட்டார், வீடு பிழைத்தது.

இன்று அந்த டிரஸ்டின் பொறுப்பில் எத்தனையோ மாளிகைகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பிள்ளையார் சுழி இந்த மண் சுவர்தான்! 'பழசுதானே, இடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், சகோதரிகளே, ஒரு நாள் தவணை கேளுங்கள்.