களரியும் காமிராவும்

இருண்ட கூடத்துள் நிகழும் போர்ப்பயிற்சியைப் படம்பிடிக்கப் புகுவார் பலர், முதற்கண் நாடுவது காமிராவின் மின்வெட்டொளியையே. அது தகாது என்பது என் துணிபு. அங்ஙனம் துணிதற்கு யானே செய்த பிழையொன்று காரணமாயிற்று.

வடகேரளத்துக் குழிக்களரியைக் கண்டோர் அவ்விடத்து ஒளியின் வறுமையை அறிவர். நிலத்தை ஏறக்குறைய 4 அடி ஆழம் அகழ்ந்து, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக வகுத்து, மேலே ஓலை வேய்வது மரபு. வாயில் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை, ஆங்கு ஒரு விளக்கு. (களரி என்னுஞ் சொல் தமிழுக்கும் உரியதே, அதனை ஆராயப் புகின் கட்டுரை வேறு வழி சென்றுவிடும்.) உள்ள சிற்றொளியையும் செம்மண் தளம் உண்டுவிடும்.

அத்தகைய களரியொன்றில், ஆசானாகிய குருக்களின் இசைவு பெற்று ஒரு மாலை நின்றேன். மாணவர் இருவர் நெடுங்கோல் பயின்றனர். தானியங்கு நிலையில் இருந்த என் காமிரா என்னைக் கேளாமலே மின்னிற்று. எதிரே நின்ற சிறுவன் கண்ணிமைத்தான். அவன் தடுத்திருக்க வேண்டிய கோல் அவன் விரல்மேல் வீழ்ந்தது. குருக்கள் என்னை ஒன்றுங் கடியவில்லை. பையனின் கையை எண்ணெயிட்டு நீவினார். அம்மௌனம் வசையினும் கொடிதாயிருந்தது. கோல்தாரியாகலின் விரல் கன்றியதோடு போயிற்று; அடுத்த படியாகிய அங்கத்தாரியாயின் அவர் கையில் இருப்பது வாளன்றோ?

மின்வெட்டொளி மிகக் குறுகிய காலமே நிற்பதாகலின் அசைவை நன்கு நிறுத்தும் என்பார் கூற்று மெய்யே. ஆயினும் கண்ணை நம்பி நிற்பான் ஒருவனுடைய கண்ணைப் பறித்து எடுக்கும் படம் எனக்கு வேண்டா. அன்றியும் அது முகத்தை வெளுப்பித்துச் சுவரையும் விளக்கையும் இருளில் ஆழ்த்தும். காண்போர் அவ்விடம் களரியோ கல்யாண மண்டபமோ என ஐயுறுவர்.

பின் என் செய்வது? மின்விளக்கிட்ட ஒரு கூடத்தில், எப் 2.8 துவாரமும் ஐ.எஸ்.ஓ. 100-உம் வைத்தால் ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டும் எனக் கொள்வோம். பாய்பவனை நிறுத்த 1/500 நொடி வேண்டும். அப்பொழுது ஒளி 32-இல் ஒரு பங்காகக் குறையும். ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு உயர்த்தின் ஈடாகும். எப் 1.4 லென்ஸ் உடையார்க்கு 800 போதும். ஆனால் அருகிலிருந்து எடுத்தால் இருவருள் ஒருவன் முகமே தெளிவுறும். ஐ.எஸ்.ஓ. உயர்ந்தால் படத்தில் புள்ளிகள் மிகும். மிகுக! புள்ளிகளுக்கு அஞ்சி இயக்கத்தை இழப்பது, உமிக்கு அஞ்சி நெல்லை எறிவதாகும்.

இவற்றினும் பெரிது, பயிற்சியை முன்னர்ப் பலமுறை சும்மா இருந்து காண்டல். பாய்ந்தெழுபவன் உச்சியில் ஒரு கணம் தாழ்க்கின்றான். அக்கணம் அறிந்தவனுக்கு 1/250 நொடியே அமையும். அறியாதார்தாம், "தம்பி, இன்னொரு முறை பாய்" என்று பயிற்சியை நிறுத்துவோர். பாடம் மாணவனுக்காக நடக்கின்றது; நமக்காக அன்று.

மின்வெட்டொளியை அடக்கி மறுபடியும் அக்களரிக்குச் சென்றேன். எடுத்த 200 படங்களுள் 6 தேறின. அவற்றுள் ஒன்றில் அச்சிறுவனது கோல் வெறுங் கோடாய் மங்கியுளது, முகம் தெளிவாயுளது. அதனையே குருக்களுக்கு அனுப்பினேன்.