அம்மாவின் தோடும் ஏழு புதுக் கற்களும்

அம்மா போய் ஒரு வருடம் ஆகியும் அந்த ஏழு கல் வைரத்தோடு அக்கா வீட்டு பீரோவிலேயே கிடந்தது. ஒரே ஜோடி. பெண்கள் இரண்டு பேர். ‘நீ எடுத்துக்கோ’ என்று அக்காவும் சொல்லவில்லை. ‘எனக்கு வேணும்’ என்று நானும் கேட்கவில்லை. முதல் வருடத் திதி முடிந்த அன்று அக்காவே ஆரம்பித்தாள். “மொத்தம் பதினாலு கல்லு இருக்குடி. ஆளுக்கு ஏழு. மீதி ஏழை அவங்கவங்க வாங்கிச் சேத்துக்கலாம்.”

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஏழு வைரக்கல் வாங்குவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே!

முதலில் தோட்டைப் பிரித்தோம். பின்பக்கம் தங்கம் மூடிய பழைய வேலைப்பாடு அது. பட்டறையில் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு கல்லாக எடுத்து, எடை போட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டோம். (இதை மட்டும் யார் என்ன நினைத்தாலும் விட்டுவிடாதீர்கள்.) கல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து சென்ட். நூறு சென்ட் ஒரு கேரட். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். தங்கத்துக்குச் சொல்லும் 22 கேரட் தரத்தைக் குறிப்பது. வைரத்தின் கேரட் வெறும் எடை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளியே வந்த கற்களைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அம்மா காதில் அப்படி ஜொலித்தவை, லேசான மஞ்சளாக இருந்தன. ஒன்றில் மெல்லிய கீறல் போல காகபாதம் வேறு. பின்பக்கம் மூடியிருந்தால் இதெல்லாம் தெரியாது. வைரத்தை உதிரியாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான். நிறத்தையும் குறையையும் சரியாகக் கணிக்க, கல் தனியாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போய் நான் செய்த முதல் தப்பு, “நல்ல வைரமா காட்டுங்க” என்று கேட்டது. தூய வெள்ளையில், விவிஎஸ் தரத்தில் எடுத்துப் போட்டார்கள். அம்மாவின் கல் பக்கத்தில் வைத்தால், கடையிலிருந்து வந்த புது வேட்டிக்கு அருகே துவைத்துத் துவைத்துப் பழுத்த வேட்டி மாதிரி இருந்தது. “பழசைக் கொடுத்துட்டு பதினாலும் புதுசா எடுத்துக்குங்க மேடம்” என்றார் விற்பனையாளர். உண்மையைச் சொன்னால், அரை மனம் சம்மதித்துவிட்டேன். அக்காதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

அடுத்த கடையில் ஒரு பெரியவர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “உசத்தியா வேணுமா, பொருத்தமா வேணுமாம்மா?” என்றார். வைர நிறத்தை ஆங்கில எழுத்து டி முதல் இசட் வரை தரம் பிரிக்கிறார்கள். டி நிறமே இல்லாதது, போகப் போக மஞ்சள் கூடும். எங்கள் கல் ஜே, கே பக்கம் இருக்கும் என்றார். பொட்டலத்தின் உள்தாள் நீலமாக இருந்தால் கல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும் என்று சொல்லி, சாதாரண வெள்ளைத் தாளில் கற்களைக் கவிழ்த்து வைத்தார். கடையின் விளக்கடியில் அல்ல, ஜன்னல் வெளிச்சத்தில். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். அட, அப்போதுதான் நிறம் நிறமாகத் தெரிந்தது! முப்பது, நாற்பது கல்லில் ஏழு தேறியது. நிறம் இறங்கியதால் விலையும் இறங்கியது.

இன்னொரு விஷயம். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான். விலை மிகக் குறைவு. கடைகளில் தொட்டுப் பார்க்கும் சாதாரண டெஸ்டருக்கு இரண்டும் ஒன்றே. பெரிய கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் வரும். பத்து சென்ட் கல்லுக்குப் பெரும்பாலும் தனித்தனியாக வராது. அதனால் ‘இயற்கை வைரம்’ என்பதோடு எண்ணிக்கை, எடை, நிறம், தரம் நான்கையும் பில்லில் எழுதி வாங்கினோம். ஹால்மார்க் இருக்கே என்று நினைக்காதீர்கள். அது தங்கத்துக்கு மட்டும்.

கேரட் விலை கேட்கும்போதும் கல்லின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே தரத்தில் ஏழு பத்து சென்ட் கற்களைவிட எழுபது சென்ட் ஒற்றைக் கல் பல மடங்கு விலை.

முன்பணம் கட்டி, கல்லை நான்கு நாள் வீட்டில் வைத்துப் பார்த்தோம். ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது அம்மா காலத்து வழக்கம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் காலை வெயிலிலும் சமையலறை விளக்கிலும் கல்லைப் பார்க்க அந்த நாட்கள் உதவின.

அக்கா தன் வலது காதில் அம்மா கல் ஏழையும், இடது காதில் புதிதையும் வைத்துக்கொண்டாள். “ரெண்டு காதையும் ஒரே நேரத்துல யாருடி பாக்கப் போறா?” என்கிறாள். நான் கலந்து பதித்துக்கொண்டேன். போன வாரம் கண்ணாடி முன் நின்று தேடினேன். காகபாதம் இருக்கும் அந்த ஒரு கல்லைத் தவிர, அம்மாவுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.