பூச்சி மருந்தும் புட்டியின் அடையாளமும்

பயிர்ப் பூச்சிகளைக் கொல்லும் திரவங்களுக்குக் கிராமங்களில் ‘மருந்து’ என்றே பெயர் வழங்குகிறது. அபாயத்தில் பாதி இப்பெயரினால் விளைவதே. மருந்து என்று கேட்டவன் கையுறையைத் தேடமாட்டான்.

1958-ஆம் ஆண்டு கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சி விஷம் கலந்த உணவுப் பண்டங்களை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஏற்பட்டது. 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு புட்டியின் லேபிளிலும் சாய்சதுரம் ஒன்று அச்சிடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதியின் நிறமே விஷத்தின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. அதற்கு மேற்பாதியில் மண்டையோடும் எலும்புகளும் உண்டு. அடுத்தவை முறையே மஞ்சள், நீலம், பச்சை. பச்சையைக் கண்டு சாதுவானது என்று எண்ணுவோர் பலர். அது விஷ வரிசையில் கடைசியேயன்றி, விஷத்துக்குப் புறம்பானதன்று. வாடையைக் கொண்டு மதிப்பிடுவதோ இன்னும் தவறு. தானியத்துக்கு இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு, கலப்பற்ற நிலையில் வாடையே இல்லாதது.

எழுத்தறியாத ஆளும் கண்டுகொள்ளட்டும் என்றே நிறம் வைக்கப்பட்டது. நடப்பதோ வேறு. பெரிய டப்பாவை நால்வர் சேர்ந்து வாங்கி, குளிர்பானப் புட்டிகளில் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஊற்றிய கணமே அடையாளம் போயிற்று. பின்னர் தெளிப்பவன் மயங்கி விழுந்தால், ‘ஆள் அஜாக்கிரதை’ என்று பேசிவிடுவது எளிது. குற்றம் ஊற்றினவருடையது, அவர் பெரும்பாலும் நிலத்துக்கு உடையவரே.

காலி டப்பாவின் கதையும் இதுவே. 2013 ஜூலையில் பீஹாரின் சரண் ஜில்லாவில், பள்ளி மதிய உணவை உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது பரிசோதனையில் வெளிப்பட்டது. விஷம் இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததே காரணமெனக் கருதப்பட்டது. நன்றாகக் கழுவிவிட்டோம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. டப்பாவைத் துளையிட்டு உபயோகமற்றதாக்கிய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

சில்லறையாக ஊற்றி விற்கும் கடை எதுவென்று கிராம அதிகாரிகள் அறியாமலிருப்பது அரிது. வேளாண்மை அதிகாரிக்கு ஒரு வரி எழுதினால் போதும். அதற்குத் தாட்சணியம் பார்ப்பது தகாது. நிலமுடையவர் செய்யத்தக்கது அதனினும் சுலபம்: தெளிக்கும் ஆளிடம் முதலில் லேபிளைக் காட்டி, நிறத்தின் பொருளைச் சொல்லிய பிறகே விசைத்தெளிப்பானைக் கொடுத்தல்.

தெளிப்பவனுக்கு வியர்வையும் வாய்நீரும் பெருகி, கண்மணி சுருங்கிக் கைகால் நடுங்கினால், உடையைக் களைந்து உடலைச் சோப்பிட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லேபிளுள்ள புட்டியும் உடன் செல்ல வேண்டும். விஷம் இன்னதென்று தெரிந்தாலன்றி, அதற்கேற்ற மாற்று மருந்தை வைத்தியர் தாமதமின்றித் தீர்மானிப்பது கடினம். குளிர்பானப் புட்டியோ அவருக்கு ஒன்றும் சொல்லாது.